கேட்காமல் போன ஏகாம்பரம் அண்ணன்

செய்தி வந்தபோது எடைமேடையில் ஒரு மரவள்ளிக் கிழங்கு லாரி ஏறி நின்றிருந்தது. டிரைவர் சீட்டுக்காக ஜன்னலுக்குள் கையை நீட்டிக்கொண்டிருந்தார். லைன்மேன் குமார் போனில் சொன்னான்: "மணியண்ணா, ஏகாம்பரம் அண்ணன் போயிட்டாருங்க. காலையில காப்பி குடிச்சுப்போட்டு நாற்காலியில சாஞ்சவருதானுங்க, எந்திரிக்கவே இல்ல."

எப்படி நடந்தது, எப்போது எடுக்கிறார்கள் என்று ஒரு மனிதன் கேட்கவேண்டிய எதையும் நான் கேட்கவில்லை. "என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?" என்றுதான் கேட்டேன். குமார் திகைத்துப்போய், "ஒண்ணும் சொல்லலீங்களே" என்றான். போனை வைத்துவிட்டு லாரிக்குச் சீட்டுப் போட்டுக் கொடுத்தேன். அழுகை வரவில்லை. ஏமாந்துபோன எரிச்சல்தான் வந்தது. இந்த மனிதர் என்றைக்காவது என் வீட்டுப் படியேறி வந்து, "மணி, அன்னிக்கு நான் ஏன் அப்படிச் சொன்னேன்னா" என்று ஆரம்பிப்பார் என்று வருடக்கணக்காகக் காத்திருந்தேன். ஆரம்பிக்காமலே போய்விட்டார்.

இதை வாசிக்கக் கேட்கிற கூட்டத்தில் என்னைத் தெரியாத புது ஆட்களும் இருப்பீர்கள். என் பெயர் சுப்பிரமணி. நம் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு வாடகைக்கு வருகிற ஹைட்ரா கிரேனை முன்பு ஓட்டியவன். கம்பம் நட, டிரான்ஸ்பார்மர் ஏற்ற, புயல்காற்றில் சாய்ந்ததைத் தூக்கி நிறுத்த என்று எல்லா வேலைக்கும் என் வண்டிதான் வரும். வேலையை நடத்துகிற போர்மேன் ஏகாம்பரம் அண்ணன். 'நசுக்கி' என்று ஒரு பட்டப்பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆள்மேல் கம்பத்தை உருட்டிக் கையை நசுக்கிய டிரைவர் என்று சொல்லிச் சிரித்தும் இருப்பீர்கள். அந்த நசுக்கி நான்தான்.

நினைவுக் கூட்டத்தில் வாசிக்க நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று குமார் கேட்டான். கோயில் நோட்டீசும் கல்யாணப் பத்திரிகையும் எழுதித் தருகிறவன் என்பதால் என் ஞாபகம் வந்திருக்கும். எழுதுகிறேன். ஆனால் இதை அச்சடிக்க வேண்டாம். நம் ஆட்கள் மத்தியில் வாசித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

முதல்நாள் வேலையிலேயே அவர் என்னை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார். ராசிபுரம் ரோட்டோரத்தில் ஒரு கம்பம் நடவேண்டும். கம்பம் கொக்கியில் தொங்கியதும் நின்றிருந்த அத்தனை பேரும் கத்த ஆரம்பித்தார்கள். இந்தப் பக்கம் ஒருத்தர் "தூக்கு தூக்கு" என்கிறார், அந்தப் பக்கம் ஒருத்தர் "விடு விடு" என்கிறார். நான் ஒவ்வொரு குரலுக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏகாம்பரம் அண்ணன் வண்டிக்கு முன்னால் வந்து முஷ்டியை உயர்த்தினார். நிறுத்தினேன். "எறங்கு சாமி" என்றார். இறங்கினேன். மஞ்சள்பையிலிருந்து ஆட்டையாம்பட்டி முறுக்கு ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். "இதத் தின்னு முடிக்கற வரைக்கும் கேட்டுக்க. ஒரு வண்டிக்கு ஒரு கையிதான். என்ற கை தோளுக்கு மேல போனாத் தூக்கு. உள்ளங்கை கீழ பாத்தா எறக்கு. முஷ்டி புடிச்சா நிறுத்து. சத்தத்தக் கேக்காதே. மூஞ்சியப் பாக்காதே. மூஞ்சி ஆயிரம் சொல்லும், கை ஒண்ணுதான் சொல்லும்" என்றார். முறுக்கு கல்லுமாதிரி இருந்தது. அதைத் தின்று முடிப்பதற்குள் அவர் சொன்னதெல்லாம் எனக்குள் போய்விட்டது.

கிரேன் ஓட்டாதவர்களுக்கு இது விளங்காது. கேபினில் உட்கார்ந்தால் எதிரே நீண்டிருக்கும் பூம் என்கிற இரும்புத் தண்டு பாதிக் கண்ணை மறைத்துவிடும். லாரிப் பெட்டிக்குள் குனிந்திருக்கிற ஆள் தெரியவே மாட்டான். தெரிவதெல்லாம் வெளியே நிற்கிற அந்த ஒரு கை. அதை நம்பித்தான் லிவரை இழுக்கவேண்டும். பெண்டாட்டியை நம்புவதைவிட அதிகமாக அந்தக் கையை நம்பினேன் என்று சரசுவிடமே சொல்லியிருக்கிறேன். "அப்ப அந்தக் கையே உங்களுக்குச் சோறும் ஆக்கிப் போடட்டும்" என்பாள்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லவேண்டும். மரவள்ளிக் காட்டு ஓரமாக லைன் இழுத்த சமயம். ஒரு கம்பக் குழி மட்டும் காட்டுக்குள் விழுகிறது. காட்டுக்காரர் ஆத்தூர் சந்தைக்குப் போயிருந்தார். எஞ்சினியர் வந்து நின்று குதிக்கிறார், "நாலு செடிதானே, பிடுங்கிப் போட்டுவிட்டு நடுங்கள்" என்கிறார். ஏகாம்பரம் அண்ணன் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "அவருகிட்டக் கேட்டுப்போட்டு நடறேனுங்க. கேக்காம நட்டா அது நம்ம கம்பமில்லீங்க, திருட்டுக் கம்பம்" என்றார். பொழுது சாய்கிற நேரத்தில் காட்டுக்காரர் வந்தார். அண்ணன் கேட்டார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே, "இதுக்கா உக்காந்திருந்தீங்க? நடுங்க சாமி" என்று தானே மண்வெட்டியை எடுத்து நாலு செடியையும் தள்ளிவிட்டார். திரும்பி வரும்போது அண்ணன் என்னிடம் சொன்னார்: "பாத்தியா மணி, கேட்டா மனுசன் குடுப்பான். கேக்காம எடுத்தாத்தான் வெறுப்பான்." இதை என்னிடம் சொன்ன அதே மனிதர்தான் ஐயா, பின்னால் எனக்கு அதைச் செய்தார்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

கோடைக்காற்று அடித்து வரிசையாகக் கம்பங்கள் விழுந்துகிடந்தன. ஊர் முழுக்க இருட்டு. ஜனம் ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. லாரியில் புதுக் கம்பங்கள் வந்து நின்றன. பெட்டிக்குள் முருகேசன் இருந்தான். முருகேசன் ஆபீஸ் பட்டியலில் பெயர் இல்லாத ஆள், கூப்பிட்டால் வருகிறவன், அன்றன்றைக்குக் கூலி. கம்பத்துக்கு அடியில் பெல்ட்டைக் கோத்துக் கொக்கியில் மாட்டுவது அவன் வேலை. மாட்டிவிட்டு அவன் ஒதுங்கிய பிறகு "ஆச்சு" என்பான். அதற்குப் பிறகுதான் அண்ணனின் கை உயரும். முந்தைய கம்பங்களுக்கெல்லாம் அப்படித்தான் நடந்தது.

அடுத்த கம்பத்துக்கு முருகேசன் பெட்டிக்குள் குனிந்திருந்தான். அண்ணன் லாரிக்குப் பக்கத்தில், வெயில் முகத்தில் அடிக்க நின்றுகொண்டிருந்தார். நான் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை தோளுக்கு மேலே போயிற்று. தூக்கினேன்.

கத்தல் கேட்டது. சத்தத்தைக் கேட்காதே என்று பழக்கப்பட்டவன் நான், ஒரு நொடி அந்தக் கத்தலையும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் முஷ்டி வந்தது, இன்னொரு கையில். நிறுத்தினேன். இறங்கி ஓடியபோதுதான் அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். அவர் காதில் போன் இருந்தது. கரண்டு எப்போது வரும் என்று கேட்டு ஆபீசிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். வேலை நேரத்தில் போனைத் தொடாத மனிதர், அன்றைக்கு விடாமல் அடித்ததால் எடுத்திருக்கிறார். சட்டைப்பையிலிருந்து காதுக்குப் போன கையைத்தான் நான் 'தூக்கு' என்று படித்துவிட்டேன். முகத்தைப் பார்க்கக்கூடாது என்று அவரே பழக்கிவைத்ததால் போன் என் கண்ணில் படவில்லை. தூக்கிய கம்பம் அசைந்து, பக்கத்துக் கம்பம் உருண்டு, முருகேசனின் வலது முன்கை இரண்டுக்கும் நடுவில் சிக்கிவிட்டது.

அவனை நான்தான் தூக்கி ஒரு வேனில் போட்டுக்கொண்டு சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் அவன் தலை என் மடியில் இருந்தது. "மணியண்ணா, கை இருக்குதுங்களா, பாருங்க" என்று கேட்டுக்கொண்டே வந்தான். "இருக்குது சாமி, இருக்குது" என்று பொய் சொல்லிக்கொண்டே போனேன். முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவன் மனைவி வந்து சேர்ந்தாள். அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, ரத்தக்கறைச் சட்டையோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தபோது ஒரு போலீஸ்காரர் வந்து என் பெயரைக் கேட்டார்.

நான் மருந்துக்கடைக்கும் ஆபரேஷன் அறைக்கும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், ஏகாம்பரம் அண்ணன் ஸ்டேஷனில் உட்கார்ந்து வாக்குமூலம் கொடுத்திருந்தார். "நான் கை காட்டவே இல்லை. டிரைவர் சுப்பிரமணி அவனாகவே தூக்கிவிட்டான்." அவ்வளவுதான். போலீஸ்காரர்தான் அதை எனக்குப் படித்துக் காட்டினார். போனைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பொய்யே இல்லை. அவர் கை காட்டவில்லைதான், போன் எடுத்தார். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கவனக்குறைவாக வண்டி இயக்கியதாக என்மேல் வழக்கு. லைசென்ஸ் போயிற்று. வண்டி ஓனர் சாவியை வாங்கிக்கொண்டு "கொஞ்ச நாள் ஊட்டுல இரு" என்றார், அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. போன் பேசிக்கொண்டிருந்தார் என்று நான் சொன்னதற்குச் சாட்சி சொல்ல ஒருவர் வரவில்லை. பக்கத்தில் நின்ற உங்களில் சிலரும் வரவில்லை. நான் அதை மறக்கவில்லை, நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். கோர்ட்டுக்கு நடையாய் நடந்து, கடைசியில் அபராதம் கட்டி வெளியே வந்தேன். லைசென்ஸ் திரும்ப வந்தபோது, திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் ரிக் வண்டிக்காரர்களிடம் வேலை கேட்டுப் போனேன். "ஓ, அந்த நசுக்கியா" என்றார்கள். இப்போது எடைமேடையில் உட்கார்ந்து அடுத்தவன் வண்டியின் எடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதில் ஒரு வினோதம் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் முருகேசன் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு வாழைத்தார் வந்துவிடும். நஷ்ட ஈட்டில் கொஞ்சம் நிலம் பிடித்து வாழை போட்டிருந்தான். கையைப் பறித்தவனுக்கு வாழைத்தாரா? குத்திக்காட்டுகிறான் என்றே நினைத்தேன். ஒரு பழத்தைக்கூடத் தொடாமல் தாரோடு மாட்டுக்குப் போட்டேன். சரசு எனக்குத் தெரியாமல் ஒரு சீப்பை எடுத்து ஒளித்துவைப்பாள் என்பது வேறு கதை.

ஒரே ஒரு முறை அண்ணனை நேருக்கு நேர் பார்த்தேன். ஆட்டையாம்பட்டியில் ஒரு கல்யாணம். பந்தியிலிருந்து எழுந்து கைகழுவப் போனால் எதிரே நிற்கிறார். தலை நன்றாக நரைத்திருந்தது. "நல்லாருக்கியா சாமி?" என்றார். நான், "கையத் தூக்கிக் காட்டுங்கண்ணா, அப்பறம் சொல்றேன்" என்றேன். சுற்றியிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள், என்னவென்று தெரியாமல். அவர் வலது கையை வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டார். எதையோ சொல்ல வாயெடுத்தார். யாரோ கூப்பிட, போய்விட்டார். அன்றைக்கே கேட்டிருப்பார், சொல்லியிருப்பார் என்று என் மனது இன்னும் சொல்கிறது. ஆனால் வாயெடுத்ததை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

சாவு வீட்டுக்கு நான் போனது கோபத்தோடுதான், மறைக்கவில்லை. பந்தலில் குமார் நாற்காலி போட்டான். அண்ணன் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தார். கையிரண்டையும் நெஞ்சில் கட்டிவைத்திருந்தார்கள். அந்த வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது பின்னாலிருந்து யாரோ என் காலைத் தொட்டார்கள். திரும்பினால் முருகேசன். சட்டையின் வலது கை மடித்துக் குத்தப்பட்டிருந்தது. கண் சிவந்திருந்தது.

"மணியண்ணா, உங்களையும் போர்மேனய்யாவையும் நெனைக்காம நான் ஒருநாளும் சோத்துல கைவெச்சதில்லீங்க" என்றான்.

"என்னைய எதுக்குடா நெனைக்கற?" என்றேன்.

"ஆபீசுல என்ற பேரு எங்கயும் இல்லீங்களே. லைன் வேலையில அடிபட்டான்னு எழுதுனா, இவன் ஆருன்னே தெரியாதுன்னு கைய விரிச்சிருப்பாங்க. டிரைவரு தப்புன்னு எழுதுனா வண்டி இன்சூரன்சு குடுக்கும்னு போர்மேனய்யாதான் சொன்னாருங்க. அதுக்கு நீங்களே ஒத்துக்கிட்டீங்கன்னும் சொன்னாருங்க. 'மணிகிட்டப் பேசிட்டேன், என்ற பேரப் போட்டுக்குங்க, அவங் குடும்பம் பொழைக்கட்டும்னுட்டான்'னு ஆஸ்பத்திரிக் கட்டில்ல வந்து சொன்னாருங்க. இதப்பத்தி உங்ககிட்டப் பேசவே கூடாது, நீங்க வருத்தப்படுவீங்கன்னும் சொன்னாருங்க."

இழவு வீடு என்பதும் மறந்துபோயிற்று. "என்னைய ஒருத்தனும் கேக்கலடா!" என்று கத்திவிட்டேன். ஒப்பாரி நின்றுபோனது. உள்ளேயிருந்து அண்ணி எட்டிப் பார்த்தார். "கேக்கவே இல்லடா முருகேசா. நான் ஆஸ்பத்திரியில உன்னத் தாங்கிட்டு நின்னேன், அவரு ஸ்டேசன்ல உக்காந்து என் தலையில கல்லப் போட்டுட்டாரு!"

முருகேசன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "அப்ப இத்தன வருசமும் நான் தின்னதெல்லாம்" என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும்தான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. அவன் இவ்வளவு காலமும் தலைநிமிர்ந்து தின்ற சோறு அது. ஒரே கத்தலில் அதைத் திருட்டுச் சோறாக ஆக்கிவிட்டேன். அதற்கும் அந்தப் பெட்டிக்குள் கிடந்த மனிதர்மேல்தான் கோபம் வந்தது. உயிரோடு இருந்தபோது என்னை ஏமாற்றினார். செத்தபிறகு முருகேசனையும் என் வாயாலேயே அழவைத்துவிட்டார்.

தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்தாரா, முருகேசனைக் காப்பாற்றச் செய்தாரா? எத்தனையோ பேரைக் கேட்டுவிட்டேன். குமார், "அதுக்கப்பறம் ரிட்டையர்டு ஆகற வரைக்கும் அண்ணன் எந்த வண்டிக்கும் கை காட்டலீங்க, வேற ஆளத்தான் நிறுத்துவாரு" என்கிறான். அதை வைத்து நான் எதுவும் முடிவுகட்டத் தயாரில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். ஒரு வாக்குமூலத்தில் தன்னையும் காப்பாற்றிக்கொண்டார், முருகேசனையும் காப்பாற்றினார். மிச்சம் இருந்தவன் நான் ஒருத்தன். என்னைக் கெட்டவனாக ஊரிலும், நல்லவனாக முருகேசன் வீட்டிலும் நிறுத்திவிட்டார். இரண்டில் எதற்கும் என்னைக் கேட்கவில்லை. நாலு மரவள்ளிச் செடிக்காகப் பொழுது சாயும்வரை வரப்பில் உட்கார்ந்திருந்த மனிதர் ஐயா அவர்!

அடக்கம் செய்யும் இடத்தில் ஒரு கூத்து. குழிக்குள் இறக்குவதற்கு அடியில் கயிறு கொடுத்துப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தவுடன் ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். "தலைப்பக்கம் விடு", "கால்மாட்டுல தூக்கு", "இருப்பா இருப்பா." ஒரு பக்கம் கயிறு நழுவி உடம்பு சாய்ந்தது. அண்ணி அலறினார். நான் குழிக்கு முன்னால் போய் நின்று முஷ்டியை உயர்த்தினேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியாது. "ஆரும் பேசாதீங்க. என்ற கைய மட்டும் பாருங்க" என்றேன். நிசப்தமாகிவிட்டது. எதிர்ப்பக்கம் முருகேசன் இடதுகையால் ஒரு கயிற்றைப் பிடித்திருந்தான். உள்ளங்கையைக் கீழே காட்டினேன், மெதுவாக. கயிறுகள் ஒன்றாக இறங்கின. தலைப்பக்கம் சாய்ந்தபோது முஷ்டி பிடித்தேன், நின்றார்கள். மறுபடியும் உள்ளங்கை. அண்ணன் ஒரு சின்ன அதிர்ச்சிகூட இல்லாமல் தரையைத் தொட்டார். எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் அவரைக் கோணலாக இறக்க எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து சரசுவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "கேட்டிருந்தாக் குடுத்திருப்பேன்டி. ஒரு வார்த்தை கேட்டிருந்தா, சரி, என்ற பேரப் போட்டுக்குங்கன்னு சொல்லியிருப்பேன்" என்றேன். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. "நீங்களா? மூணு நாளு குதிச்சிருப்பீங்க. ஓனரு ஊட்டுக்கு ஓடியிருப்பீங்க. எஞ்சினியரு சட்டையப் புடிச்சிருப்பீங்க. அப்பறந்தான் சரின்னிருப்பீங்க. போலீசு அன்னிக்குச் சாயங்காலமே எழுதிட்டாங்க. அந்த மூணு நாளு அவருகிட்ட இல்லீங்களே" என்றாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. உண்மையாகவும் இருக்கலாம் என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. ஆனால் மூன்று நாள் கழித்தாவது வந்திருக்கலாமே? மூன்று வருஷம் கழித்தாவது? சரசு அடுத்த பாத்திரத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

ஒரு வாரம் கழித்து எடைமேடைக்கு முருகேசன் போன் செய்தான். "அண்ணா, போர்மேனய்யா கேக்காதத நான் கேக்கறேனுங்க. உங்க மேல வந்த அந்தப் பழி அப்படியே இருக்கட்டுங்களா? வேண்டாம்னா சொல்லுங்க. எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் வந்து நடந்ததச் சொல்றேன். நிலம் போனாப் போகுதுங்க."

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "இருக்கட்டும் சாமி. என் மேலயே இருக்கட்டும்" என்றேன். சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அத்தனை வருஷம் சுமந்தது அந்த அரை நிமிஷத்தில் இறங்கிவிட்டது. பிறகு அவன், "வாழைத்தாரு அனுப்பட்டுங்களா? இந்தத் தடவையாச்சும் தின்னுவீங்களா?" என்று கேட்டான். மாட்டுக்குப் போட்டது அவனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அனுப்பச் சொன்னேன். நம் ஆட்களுக்கு மட்டும் இதை எழுதட்டுமா என்று நானும் கேட்டேன். "எழுதுங்கண்ணா. உங்களை அவங்க நசுக்கிங்கறது எனக்குத்தான் அசிங்கமா இருக்குது" என்றான். அவனைக் கேட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன். நம் ஆட்களைத் தாண்டி இது வெளியே போனால் அவன் நிலத்துக்கு ஆபத்து, ஆகவேதான் அச்சடிக்க வேண்டாம் என்றேன்.

ஏகாம்பரம் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என்ன என்று கேட்டால், முதலில் அந்தக் கையை. எடைமேடையில் லாரி பின்னால் வரும்போது நான் நிற்கிற நிலையும், முஷ்டி பிடிக்கிற விதமும் அவருடையவை. கை உயர்த்தும் முன்னால் போனை உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறேன், அதுவும் அவர் கொடுத்ததுதான். அடுத்து, கேட்பது. யாருடைய பொருளானாலும், பெயரானாலும், ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடுவது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர், மீறியவரும் அவர். பழியும் என்னிடமே இருக்கிறது, இப்போது அது என்னைக் கேட்டு வைத்த பழி என்பதால் முன்போல் கனக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் முருகேசன் அனுப்பிய தாரிலிருந்து ஒரு பழத்தை உரித்துக் கையில் கொடுத்துக்கொண்டே சரசு கேட்டாள்: "எல்லாந்தான் தெரிஞ்சுபோச்சே. இன்னும் என்னங்க கோவம்? அவர மன்னிச்சுப்போட்டா என்ன?"

"அவரு கேக்கலையே" என்றேன்.